தாளம் அகன்ற ஓசை: பேர்மிங்ஹாம் மெற்றல் இசையும் ஜஸ்டின் புரோட்ரிக்கின் சூழலிசைத் திருப்பமும்

1

கலையின் தோற்றத்தை உழைப்போடு இணைத்து நோக்கும் ஆய்வுமுறை தமிழ்த் திறனாய்வுக்குப் புதியதன்று. பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கிய ஜோர்ஜ் தொம்சனிடம் தம் கலாநிதிப் பட்ட ஆய்வுகளை நிகழ்த்தினர். கைலாசபதியின் ஆய்வு தமிழ் வீரநிலைக் கவிதை பற்றியது, 1968இல் நூலாயிற்று. சிவத்தம்பியின் ஆய்வு பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியது, 1970இல் நிறைவுற்றது. மார்க்சியமும் கவிதையும் குறித்துத் தொம்சன் 1945இல் வெளியிட்ட சிறுநூலின் மையக் கருத்து நாம் நன்கறிந்தது: பலர் ஒருங்குசேர்ந்து உடலால் உழைக்கையில் அசைவுகளை ஒழுங்குபடுத்த எழுந்த ஓசையே தாளத்தின் மூலம், தாளத்திலிருந்து பாடலும், பாடலிலிருந்து கவிதையும் பிரிந்து வளர்ந்தன.

கல்முனைக் கரையோரத்தவர்க்கு இக்கருத்தை விளங்கிக்கொள்ளக் கிரேக்க உதாரணம் தேவையில்லை. கரைவலை இழுப்போர் பாடும் அம்பா இதற்கு நேர்ச்சான்று. ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும் அப்பாட்டிலே, தாளம் விழும் இடமும் கயிற்றில் பலரது வலு ஒருசேர விழும் இடமும் ஒன்றே. தாளத்துக்கு உரியவர் உழைப்பவர். அதன் வேகத்தைத் தீர்மானிப்பதும் அவர்தம் மூச்சே.

ஆயின் இக்கோட்பாடு இரண்டு வினாக்களுக்கு முழுமையான விடை தருவதில்லை. உழைப்பின் வேகத்தை மனித மூச்சன்றி இயந்திரம் தீர்மானிக்கும் காலத்தில் தாளம் யாருடையது? அவ்வியந்திரமும் நின்று, உழைப்பே அவ்விடத்தை விட்டு அகன்றபின் தாளத்துக்கு நேர்வது யாது? இவ்வினாக்களுக்கான சான்றுகளுள் முக்கியமானவை தொம்சனின் அதே நகரத்திலே, அவர் வாழ்ந்த காலத்திலும் அதன் பின்னரும் தோன்றின என்பது மனங்கொள்ளத்தக்கது. ஹெவி மெற்றல் எனப்படும் இசைவகையின் பிறப்பிடம் பேர்மிங்ஹாம். அந்நகரத்தவரான கிற்றார்க் கலைஞர் ஜஸ்டின் புரோட்ரிக் (பிறப்பு 1969) அவ்விசையின் மிகக் கடுமையான வடிவங்களிலிருந்து, தாளமே பெரிதும் அற்ற சூழலிசையை நோக்கித் திரும்பினார். அத்திருப்பத்தின் சமூகப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

மெற்றல் இசையின் தோற்றத்தைக் கூறுவோர் டொனி அயோமியின் கையிலிருந்து தொடங்குவது வழக்கம். 1965இல், பதினேழு வயதில், பேர்மிங்ஹாமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த அவர் தமது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை இயந்திரத்திற் பறிகொடுத்தார். அது அவரது வேலையின் இறுதி நாள். இடக்கைப் பழக்கமுடைய அவர் தந்திகளை அழுத்துவது வலக்கையால் என்பதால், இசை வாழ்வே முடிந்ததெனக் கருதப்பட்டது. தொழிற்சாலையின் மேற்பார்வையாளரொருவர், தீயினால் விரல்கள் செயலிழந்த பின்னும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்கச் செய்தார். அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தி, 1971ஆம் ஆண்டு இசைத்தட்டிலே பிளாக் சபாத் குழுவின் ஓசையை மேலும் கனமாக்கினார். 1970 பெப்ரவரியில் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டோடு மெற்றல் இசை தொடங்கியதாகக் கொள்ளுவது மரபு.

இந்நிகழ்ச்சி வழமையாக மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். அது பொய்யன்று, ஆயினும் போதாது. தொழிலாளி இயந்திரத்தின் துணையுறுப்பாகின்றான் என மார்க்சும் ஏங்கெல்சும் 1848இல் கூறியது ஈண்டு உருவகமன்று. இயந்திரம் உடலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. எஞ்சிய உடல் அவ்விழப்பின் அளவுக்கேற்ப ஓர் இசைமொழியை வகுத்துக்கொண்டது. மெற்றல் இசையின் கனமான ஓசைக்கு ஆலை விபத்தொன்றும் காரணமாயிற்று.

இதனை மற்றொரு நிகழ்வோடு ஒப்பிடலாம். போர்க்கால உற்பத்தியைப் பெருக்கும் நோக்குடன் பி.பி.சி. வானொலி 1940 ஜூனில் 'வேலை செய்கையில் இசை' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. ஆலைகளின் ஒலிபெருக்கிகளில் நாளொன்றுக்கு இருமுறை ஒலித்த அது 1967 வரை நீடித்தது. சீரான தாளமும் யாவரும் முணுமுணுக்கத்தக்க மெட்டும் அதற்கு வேண்டப்பட்டன. அம்பாவில் உழைப்பவரிடமிருந்து எழும் தாளம், இங்கே உழைப்பவர்மீது மேலிருந்து இறங்குகின்றது. அந்நிகழ்ச்சி நின்ற மறுவருடம், 1968இல், பிளாக் சபாத்தாக மலரவிருந்த குழு கூடியது. ஆலைக்கு இதமளிக்கும் இசை ஓய்ந்த வேளையில், ஆலையின் இரைச்சலையே இசையாக்கியோர் வந்தனர். ஒன்று மற்றதற்குக் காரணமென வாதிடுவது அபத்தம். ஒரே வரலாற்றுக் கட்டத்தின் இரு முகங்கள் இவை எனலாம்.

3

புரோட்ரிக் அடுத்த தலைமுறையினர். பேர்மிங்ஹாமின் அரசாங்கக் குடியிருப்பொன்றில் வளர்ந்த அவர் இளைஞராகிய போது, அவரது தலைமுறைக்கு ஆலையின் வாயில் மூடத் தொடங்கியிருந்தது. 1979இல் தட்சர் ஆட்சிக்கு வந்தார். 1982இல் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்தது. உலோகத் தொழிலையும் மோட்டார்த் தொழிலையும் நம்பியிருந்த மேற்கு மிட்லண்ட்ஸ் பெரும் அடிவாங்கிற்று. வேலையற்றோர் கொடுப்பனவுப் படிவத்தின் இலக்கத்தையே தன் பெயராகச் சூடிய யூபி 40 என்னும் இசைக்குழுவும் இந்நகரிலேதான் தோன்றியது.

இச்சூழலில் நேபாம் டெத் குழு ஸ்பார்க்ஹில் பகுதியின் மெர்மெய்ட் என்னும் மதுச்சாலையில் வாசித்து வளர்ந்தது. 1986இல் பதிவாகி 1987இல் வெளிவந்த 'ஸ்கம்' (கசடு) என்னும் இசைத்தட்டின் முதற்பக்கத்தில் கிற்றார் வாசித்தவர் பதினேழு வயதுப் புரோட்ரிக். அவ்விசைத்தட்டின் தொடக்கப் பாடலின் தலைப்பு பல்தேசியக் கம்பனிகளைக் குறிப்பது. முப்பத்துமூன்று நிமிட அளவில் இருபத்தெட்டுப் பாடல்கள். அவற்றுள் ஒன்று ஒன்றேகால் விநாடிக்குச் சற்றே கூடிய நீளமுடையது. உலகின் மிகக் குறுகிய பாடலென கின்னஸ் நூலில் இடம்பெற்றது. வேகம் இங்கே களியாட்டமன்று. எதிரி யார் என்பதைத் தலைப்பிலேயே கூறிவிட்டு, அதனை விளக்கப் பொறுமையற்று வெடிக்கும் கோபம் அது.

1988இல் புரோட்ரிக், பேஸ் கிற்றார் வாசிக்கும் பென் கிரீனுடன் இணைந்து கொட்ஃபிளெஷ் குழுவை அமைத்தார். 1989இல் வெளிவந்த 'ஸ்ட்ரீற்கிளீனர்' (தெருத் துப்புரவாளர்) மெற்றல் இசையின் திருப்புமுனைகளுள் ஒன்று. அக்குழுவில் முரசறைவோர் இல்லை. தாள இயந்திரம் ஒன்றே உண்டு. இசைத்தட்டு உறையிலும் தாளத்துக்கு உரியதாக இயந்திரமே குறிக்கப்பட்டது. வேகம் குறைந்து, அடி கனத்தது. மனித முரசறைவோர் இயல்பாகவே சற்று முந்துவர், பிந்துவர், களைப்புறுவர். தாள இயந்திரம் களைப்பதில்லை. அதன் மாறாத அடிக்குள் மனிதக் குரல் சிக்கித் தவிப்பதைக் கேட்கின்றோம்.

நமது முதல் வினாவுக்கு விடை இங்குண்டு. இயந்திரம் தாளத்தைக் கையகப்படுத்திய உலகைக் கொட்ஃபிளெஷ் வருணிக்கவில்லை. தன் அமைப்பிலேயே நிகழ்த்திக் காட்டுகின்றது. பாடற்பொருளை மட்டும் தேடும் திறனாய்வு இக்குழுவில் விரக்தியையும் சமயப் படிமங்களையுமே காணும். வடிவத்தை நோக்கும் திறனாய்வே உழைப்பின் அந்நியமாதலை இனங்காணும். உள்ளடக்கவாதமாகக் குறுகிய மார்க்சியம் தனது கருவிகளுள் பாதியை இழந்துவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

4

2001இல் கிரீன் குழுவைவிட்டு விலகினார். 2002இல், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கவிருந்த வேளையில், புரோட்ரிக் மனமுடைந்து பயணத்தைக் கைவிட்டார், குழு கலைந்தது. 2004இல் ஜேசு என்னும் புதுப்பெயரில் அவரது இசை வெளிவரலாயிற்று. கொட்ஃபிளெஷின் அப்போதைய இறுதி இசைத்தட்டான 'ஹிம்ஸ்' (2001) என்பதன் கடைசிப் பாடலின் பெயரே புதிய முயற்சிக்கும் பெயராயிற்று. 'சில்வர்' (2006), 'கொன்கரர்' (2007) ஆகியவற்றிலே கிற்றாரின் இரைச்சல் குறையவில்லை. ஆனால் அது தாக்கும் தன்மையை இழந்து, பரவும் தன்மை பெற்றது. கத்தல் ஓய்ந்து, குரல் ஓசைக்குள் அமிழ்ந்தது. ஃபைனல் என்னும் பெயரில் அவர் வெளியிட்டவற்றில் தாளமும் குரலும் பெரும்பாலும் அகன்று, கிற்றாரின் நீண்ட முனகல் மட்டுமே எஞ்சியது. 'அம்பியன்ற்' எனப்படும் சூழலிசை இதுவே.

கலைஞன் உடைந்தான், ஆகவே அமைதியை நாடினான் என இவ்வரலாற்றைச் சுருக்குதல் எளிது. ஆனால் கால ஒழுங்கு அதனை மறுக்கின்றது. ஃபைனல் 1980களின் முற்பகுதியிலே, நேபாம் டெத்துக்கும் முன்னர், புரோட்ரிக் சிறுவனாயிருந்தபோதே தொடங்கியது. அது 1990களின் தொடக்கத்தில் சூழலிசையாக மீண்டும் உருப்பெற்றது. 'வன்' என்னும் இசைத்தட்டு 1993இல் வந்தது. கொட்ஃபிளெஷின் 'பியோர்' (1992) குறுந்தட்டின் இறுதியில் இருபது நிமிடத்துக்கு நீளும் ஓசைப்பரப்பு ஒன்று உண்டு. 1994இல் கெவின் மார்ட்டின் தொகுத்து வேர்ஜின் நிறுவனம் வெளியிட்ட 'ஐசொலேஷனிசம்' (தனிமைவாதம்) என்ற சூழலிசைத் தொகுப்பிலே ஃபைனலும், புரோட்ரிக்கும் மார்ட்டினும் இணைந்த டெக்னோ அனிமலும் இடம்பெற்றன. எனவே 2002இன் மனமுடைவு ஒரு பாதையைத் திறந்ததன்று. முன்பே இருந்த பாதையைப் பிரதானமாக்கியது மாத்திரமே.

இன்னுமொரு சான்று இதனைவிட வலிமையானது. 'ஸ்கம்' இசைத்தட்டின் முதற்பக்கத்தில் வாசித்தோர் மூவர்: புரோட்ரிக், நிக் புல்லன், முரசறைந்த மிக் ஹாரிஸ். உலகின் அதிவேக இசையை உருவாக்கிய இம்மூவருமே அக்குழுவைவிட்டு நீங்கி, மந்தமான, வெறுமை சூழ்ந்த ஓசைகளை நோக்கி நகர்ந்தனர். ஹாரிஸும் புல்லனும் ஸ்கோர்ன் குழுவை அமைத்தனர். ஹாரிஸ், லல் என்னும் பெயரில் இருண்ட சூழலிசையையும் படைத்தார். மேற்கூறிய 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் லல்லும் ஸ்கோர்னும் உள்ளன. ஒரே நகரில் ஒரே தலைமுறையினர் மூவர் ஒரே திசையில் திரும்புவராயின், அதனைத் தனியொருவரின் உளவியலால் மட்டும் விளக்குதல் இயலாது.

இத்திருப்பத்துக்கு வேண்டிய நுட்பம் எங்கிருந்து கிடைத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. புரோட்ரிக்கும் மார்ட்டினும் தம் இசைக்கு டப் இசையின் கடனை ஏற்பவர்கள். யமேக்காவில் தோன்றிய டப் முறையிலே பாடலின் முக்கிய உறுப்புகள் நீக்கப்பட்டு, அவற்றின் எதிரொலி மட்டும் நிறுத்தப்படும். பேர்மிங்ஹாமுக்கு அதனைக் கொணர்ந்தோர் கரீபியக் குடியேறிகள். குடியேறிகளுக்கு எதிரான உரையை ஈனொக் பவல் 1968 ஏப்ரல் 20இல் நிகழ்த்தியது இதே நகரில். பத்தாண்டுகளின் பின், 1978இல், ஹான்ட்ஸ்வேர்த் பகுதியின் ஸ்டீல் பல்ஸ் குழு தன் முதல் இசைத்தட்டுக்கு அப்பகுதியின் புரட்சி எனப் பெயரிட்டது. இல்லாமற்போன ஒன்றின் தடத்தை ஓசையாக்கும் கலையை, வெள்ளைத் தொழிலாளர் பிள்ளைகள் கறுப்புத் தொழிலாளரிடமிருந்து கற்றனர்.

5

சூழலிசைக்கு வேறொரு பரம்பரையும் உண்டு. பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கான இசையை வெளியிட்டு இவ்வகைக்குப் பெயர் சூட்டினார். ஊன்றிக் கேட்பதற்கும் கேளாதிருப்பதற்கும் அது சமமாக இடந்தர வேண்டுமென்பது அவர் கருத்து. அதற்கு முன்னரே, 1934இல் அமெரிக்காவில் உருவான மியூசாக் நிறுவனம், தொழிலாளரின் சோர்வுக்கேற்ப வேகத்தைக் கூட்டும் இசையைப் பதினைந்து நிமிடக் கூறுகளாக ஆலைகளுக்கு விற்றது. ஈனோ மியூசாக்கை மறுத்தவர். எனினும் இன்று கையடக்கத் தொலைபேசி வழியே உறக்கத்துக்கும் மன ஒருமைக்குமென விற்கப்படும் சூழலிசை, இவ்விரண்டையும் ஒருங்கே சுவீகரித்துவிட்டது. பகலில் உழைப்பை உறிஞ்சிய முதலாளித்துவம், இரவில் அதன் களைப்புக்கு மருந்தாக அமைதியையும் பண்டமாக்குகின்றது.

புரோட்ரிக்கின் சூழலிசை இச்சந்தைக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றதெனக் கூறமுடியாது. விலைக்கு விற்கப்படும் இசையே அதுவும். ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடுண்டு. அவ்விசையில் உறங்க முடியாது. மெற்றல் கிற்றாரின் இரைச்சலை அவர் துடைத்தெறியவில்லை. அடியை மட்டும் நீக்கினார். இரைச்சல் இருக்கின்றது, இரைச்சலை இயக்கிய தாளம் இல்லை. நின்றுபோன இயந்திரத்தின் அதிர்வு, கட்டடத்தில் எஞ்சியிருப்பது போன்ற ஓசை அது.

நமது இரண்டாம் வினாவுக்கான விடையை இங்கே காணலாம். தாளம் உழைப்பிலிருந்து பிறந்ததெனின், உழைப்பு அகன்ற இடத்தில் தாளமும் அகலும். சூழலிசையில் தாளமின்மையை ஆன்மிக விடுதலை எனப் போற்றுவோர் உளர். பேர்மிங்ஹாமைப் பொறுத்தவரை அது முதற்கண் ஒரு வரலாற்று உண்மை. 2005 ஏப்ரலில் லோங்பிரிட்ஜ் மோட்டார்த் தொழிற்சாலையை நடத்திய எம்.ஜி. ரோவர் நிறுவனம் வீழ்ந்து, சுமார் ஆறாயிரம் பேர் வேலையிழந்தனர். ஜேசுவின் முதல் இசைத்தட்டு அதற்குச் சில மாதங்கள் முன்னரே வந்துவிட்டது. ஆகவே இது நிகழ்ச்சிக்கு எதிர்வினையுமன்று, கண்ணாடிப் பிரதிபலிப்புமன்று. றேமண்ட் வில்லியம்ஸ் கூறும் உணர்வமைப்பு என்னும் கருத்தாக்கமே இங்குப் பொருந்தும்: நீண்டகாலமாக நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு மாற்றம், கோட்பாடாகச் சொல்லப்படுமுன் கலை வடிவத்தில் உணரப்பட்டது.

6

இத்திருப்பம் முன்னேற்றமா பின்வாங்கலா என்னும் வினா முற்போக்கு வாசகரிடம் எழுவது நியாயமே. 1960களில் முற்போக்கு, நற்போக்கு எனப் பிரிந்து நின்று நாம் நிகழ்த்திய விவாதங்களில், அகநோக்கிய எழுத்து யாவும் வர்க்கத் துரோகமென ஒரு சாராரும், புறநோக்கிய எழுத்து யாவும் பிரசாரமென மறுசாராரும் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்புகள் இரண்டும் புரோட்ரிக்கிடம் தோற்கும். அவரது மௌனத்தில் சமூகம் உண்டு. அவரது கூச்சலிலும் தனிமனித வேதனை இருந்தது.

எனினும் இழப்பொன்றைச் சுட்டாமல் விடுதல் தகாது. 'ஸ்கம்' தன் எதிரியைப் பெயர்சொல்லி அழைத்தது. ஃபைனலில் பெயர்கள் இல்லை. அம்பாவில் ஒருவர் அடியெடுக்கப் பலர் ஏற்பர். கொட்ஃபிளெஷில் ஒருவர் கத்த இயந்திரம் பதிலிறுக்கும். ஃபைனலில் ஏற்பார் எவருமிலர். தொழிலாளர் கூட்டம் கலைந்த நகரின் உண்மையை அவ்விசை நேர்மையாகச் சொல்கின்றது. ஆனால் கூட்டத்தைக் கலைத்தவர் யாரென்று சொல்வதில்லை. அதன் மகத்துவமும் எல்லையும் இதுவே. அவ்வெல்லையைக் கலைஞரும் உணர்ந்திருத்தல் கூடும். 2010இல் கொட்ஃபிளெஷ் மீண்டும் மேடையேறியது. 2014, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய இசைத்தட்டுகள் வந்தன. மௌனம் இறுதி விடையாக அமையவில்லை.

இதற்கிடையில் பேர்மிங்ஹாம் தன் இரைச்சலை மரபுரிமையாக்கிக்கொண்டது. 2019இல் கால்வாய்ப் பாலமொன்றுக்குப் பிளாக் சபாத்தின் பெயரிடப்பட்டது. 2025 ஜூலை 5இல் வில்லா பார்க் மைதானத்தில் அக்குழுவின் இறுதி நிகழ்ச்சி பெருவிழாவாக நடந்தது. அதே நகரின் பல்கலைக்கழகமோ, தொழிலாளர் பண்பாட்டை ஆராய 1964இல் நிறுவப்பட்ட சமகாலப் பண்பாட்டாய்வு மையத்தின் வழிவந்த துறையை 2002இல், கொட்ஃபிளெஷ் கலைந்த அதே ஆண்டில், மூடிவிட்டது. ஓசை காட்சிப்பொருளாயிற்று, அவ்வோசை ஏன் எழுந்தது எனக் கேட்ட இடம் இல்லாதொழிந்தது.

இவ்வெச்சரிக்கை நமக்கும் உரியது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதித் துணிக்கு வழிவிட்டபின் நாட்டின் கைத்தறித் தொழில் நலிந்தது. மருதமுனையின் தறியோசையும் அதனோடு குறைந்தது. உழவு இயந்திரத்தின் சுழல்பொறி வலையை இழுக்கும் கரைகளில் அம்பாவுக்கு வேலையில்லை. 2004 டிசெம்பர் 26இன் பின் நமது கரையோரத்தில் நிலவிய மௌனத்தையும், 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபின் நிலவிய மௌனத்தையும் அமைதி என அழைத்தோர் பலர். ஓசை அடங்குதல் வேறு, அமைதி வேறு. முன்னதை எவரும் உண்டாக்கலாம். பின்னது கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே வரும்.

நமது பல்கலைக்கழகங்களில் நாட்டார் பாடற் சேகரிப்புகள் நடைபெறுகின்றன. அவை வேண்டற்பாலன. ஆனால் அம்பாவின் சொற்களைத் தாளில் ஏற்றி, அதன் மெட்டை ஒலிப்பதிவு செய்வதோடு ஆய்வு முடிந்துவிடுமாயின், கல்முனையின் ஓசைக்கும் ஒரு பாலத்துக்குப் பெயரிட்டவர்களாவோம். வலை யாருடையது, கயிற்றைப் பிடித்த கைகள் எங்கே போயின, மீனின் விலையை இப்போது தீர்மானிப்பவர் யார் என்பவையும் அப்பாடலின் பாடபேதங்களோடு சேர்த்துப் பதியப்பட வேண்டியவை. தொம்சனிடம் கைலாசபதியும் சிவத்தம்பியும் கற்று நமக்களித்த முறை, தாளம் எங்கிருந்து வந்தது எனக் கேட்கப் பயிற்றியது. அது எங்கே போயிற்று எனக் கேட்பது நமது தலைமுறையின் பணி.